மெர்லின் எஞ்சினின் எரியறை: ஒரு வடிவமைப்பு மாற்றத்தின் வரலாறு

மெர்லின் என்பது இங்கிலாந்தின் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் உருவாக்கிய விமான எஞ்சின் ஆகும். 'வி' வடிவில் இரு வரிசைகளாக 12 சிலிண்டர்கள் கொண்ட இதன் கொள்ளளவு 27 லிட்டர். இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் ஆகிய போர் விமானங்களை இயக்கியது இதுவே. 1933 அக்டோபரில் முதன்முதலாக ஓட்டிப் பார்க்கப்பட்ட இந்த எஞ்சினுக்குப் பொருத்தமான எரியறை அமைய ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின.

மிகை அழுத்தமும் தட்டலும்

உயரே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறையும். எஞ்சினின் திறனும் குறையும். இதை ஈடுசெய்யச் சூப்பர்சார்ஜர் என்னும் கருவி காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் செலுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்று சூடாகும். அதைப் பிஸ்டன் மேலும் அமுக்கும்போது வெப்பம் இன்னும் உயரும். தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேரும் முன்பே, எரியறையின் கோடியில் எஞ்சிய கலவை தானே பற்றி வெடிக்கலாம். இதுவே தட்டல் எனப்படும். தட்டல் நீடித்தால் பிஸ்டன் உருகும். சிலிண்டர் தலையில் விரிசல் விழும்.

எனவே இத்தகைய எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவாக வைக்கப்படும். மெர்லினில் அது 6:1. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலான இடைவெளியிலும் கவனம் தேவை. அலுமினியம், இரும்பைப் போல் ஏறத்தாழ இருமடங்கு விரிவடையும். குளிர்ந்த நிலையில் போதிய இடைவெளி விடாவிட்டால், சூடேறிய அலுமினியப் பிஸ்டன் சுவரில் இறுகிவிடும்.

சாய்வுத் தலையின் தோல்வி

தொடக்க கால மெர்லின்களில் 'சாய்வுத் தலை' என்ற புது வடிவம் கையாளப்பட்டது. இதில் உள்ளிழுக்கும் வால்வுகள் 45 பாகை சாய்வாக அமைந்தன. எரிதல் விரைவாக நடக்கும், திறன் கூடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் முழு எஞ்சினில் எதிர்பார்த்த திறன் கிடைக்கவில்லை. எரியறையின் சில இடங்களில் தட்டல் எழுந்தது. வெளியேற்று வால்வுகள் பழுதடைந்தன. தலைகளில் விரிசல்கள் தோன்றின.

இந்த வடிவத்துடன் வெளிவந்த மெர்லின் 1, ஃபேரி பேட்டில் என்ற குண்டுவீச்சு விமானத்தில் பொருத்தப்பட்டது. 172 எஞ்சின்களோடு அதன் உற்பத்தி முடிந்தது. அடுத்து வந்த மெர்லின் 2-இல் பொறியாளர்கள் தங்களுடைய பழைய கெஸ்ட்ரல் எஞ்சினின் எளிய தலையையே பெரிதாக்கிப் பயன்படுத்தினர். இதில் வால்வுகள் சிலிண்டருக்கு இணையாக நின்றன. அந்த எஞ்சின் 1,030 குதிரைத்திறன் தந்தது.

எரிபொருளால் வந்த பலன்

அதன் பிறகு எரியறையின் அடிப்படை வடிவமும் அமுக்க விகிதமும் மாறவில்லை. 1940-இல் 87 ஆக்டேன் பெட்ரோலுக்குப் பதிலாக, தட்டலை நன்கு தாங்கும் 100 ஆக்டேன் பெட்ரோல் போர் விமானங்களுக்குக் கிடைத்தது. வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு என்றிருந்த ஊட்ட அழுத்தத்தை, அவசர வேளையில் 12 பவுண்டு வரை உயர்த்த முடிந்தது. மெர்லின் 3 எஞ்சின் 9,000 அடி உயரத்தில் 1,310 குதிரைத்திறன் அளித்தது. பிரிட்டன் வான்போரில் விமானிகளுக்கு இது பேருதவியாக அமைந்தது. 1942-இல் ஸ்பிட்ஃபயர் 9 விமானத்தில் பறந்த மெர்லின் 61, காற்றை இரண்டு கட்டங்களில் அழுத்தி, இடையில் குளிர்வித்த பின்னரே சிலிண்டருக்கு அனுப்பியது.

நைட்ரஸ் ஆக்சைடு

சூப்பர்சார்ஜரின் ஆற்றலுக்கும் எட்டாத உயரங்களில், ஜெர்மானியர் நைட்ரஸ் ஆக்சைடைச் செலுத்தினர். வெப்பத்தில் சிதையும்போது அது ஆக்சிஜனைத் தருகிறது. திரவம் ஆவியாகும்போது உள்ளே செல்லும் காற்றையும் குளிர்விக்கிறது. பிரித்தானியரும் மஸ்கிட்டோ இரவுப் போர் விமானங்கள் சிலவற்றில், மெர்லினுக்கு இம்முறையைக் கையாண்டனர்.

கூடுதல் காற்றோ ஆக்சிஜனோ செலுத்தப்படும் எஞ்சினில், எரியறை தாங்கக்கூடிய எல்லையே திறனின் எல்லை. புதுமையான வடிவம் அந்த எல்லையைச் சுருக்கியது. எளிய வடிவமோ, நல்ல எரிபொருள் கிடைத்தபோது அதை விரிக்க இடம் தந்தது.