ஆர்கேட் பெட்டி ஓவியம்: மலிவான வீட்டுத் தயாரிப்பு

காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டியின் வெளிப்புறத்தை அலங்கரிக்கும் படங்களுக்கு ஆர்கேட் பெட்டி ஓவியம் என்பது பொதுப்பெயர். உச்சியில் பின்னொளியோடு நிற்கும் மார்க்கீ என்ற பெயர்ப்பலகை, திரையைச் சுற்றிய சட்டம், ஜாய்ஸ்டிக்கும் பொத்தான்களும் அமர்ந்த பலகையின் மேலுறை, இருபக்கப் படங்கள் ஆகியவை இதில் அடங்கும். இவற்றைச் சொற்பச் செலவில் வீட்டிலேயே செய்துகொள்வதைச் சேகரிப்பாளர் சிலர் போலி என்று ஒதுக்குவர். அந்தத் தீர்ப்புக்கு இக்கலையின் தொடக்ககால வரலாறு இடம் தரவில்லை. ஆர்கேட் ஓவியம் பிறந்ததே சிக்கனத்தில்தான்.

1971இல் வந்த கம்ப்யூட்டர் ஸ்பேஸ், வளைந்த கண்ணாடியிழைக் கூட்டின் மினுமினுப்பையே அழகாக நம்பியது. படம் அதற்குத் தேவைப்படவில்லை. அடுத்த ஆண்டு அட்டாரி வெளியிட்ட பாங், பக்கங்களில் மரவரித் தோற்றமும் முகப்பில் மஞ்சள் தகடும் கொண்டு திருப்தியடைந்தது. 1976இன் பிரேக்அவுட்டில் செங்கற்கள் வண்ணமாகத் தெரிந்ததற்குத் திரையின் மேல் ஒட்டிய நிறப்பட்டைகளே காரணம். உள்ளே இருந்தது கறுப்பு வெள்ளைப் படக்குழாய்தான். 1978இல் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸிலும் இதே உத்தி உண்டு. அதன் அமெரிக்கப் பதிப்பில் மிட்வே நிறுவனம் இன்னொரு படி போனது: நிலவின் பரப்பைக் காட்டும் பின்னணிப் படத்தின் மேல், ஆட்டத்தின் பிம்பத்தைக் கண்ணாடியால் பிரதிபலிக்கச் செய்தது. பெட்டியின் பக்கத்தில் நின்ற பூதங்களுக்கும் திரையில் ஊர்ந்த நண்டு போன்ற உருவங்களுக்கும் ஒட்டுறவே இல்லை; அதை எந்த ஆட்டக்காரரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. 1980இல் மிட்வேயின் பாக்மேன் பெட்டிகளுக்குப் பக்கப்படம் ஸ்டென்சில் வழியே பெயின்ட் அடித்துத்தான் வந்தது. 1981இல் நின்டெண்டோ, அமெரிக்காவில் விற்காமல் தேங்கிய ஏறத்தாழ 2000 ரேடார் ஸ்கோப் பெட்டிகளை டாங்கி காங் ஆக்கியபோது, பழைய உடம்பு அப்படியே நிற்கப் பெயர்ப்பலகையும் மேலுறையும் மாறின. பழைய பெட்டியைப் புது ஆட்டத்துக்கு மாற்ற, பின்னர் பெருகிய மாற்றுத் தொகுப்புகளும் இவ்வழியே நடந்தன. பழைய பக்கப்படத்தின் மேல் கறுப்புப் பெயின்ட் பூசிவிட்டுப் புது ஸ்டிக்கர் ஒட்டுவது சாதாரணம்.

இதற்கு எதிராக, அட்டாரிக்கு வரைந்த ஜார்ஜ் ஆப்பர்மன் போன்றோரின் தேர்ச்சியையும் திரை அச்சின் (ஸ்கிரீன் பிரிண்டிங்) அடர்ந்த நிறத்தையும் சிலர் எடுத்துக்காட்டலாம். ஓவியரின் திறமை மறுக்க முடியாதது. அச்சுமுறையோ வேறு சங்கதி. திரை அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரை கட்ட வேண்டும். ஆயிரம் பிரதிகளுக்கு அந்தச் செலவு பங்கிடப்பட்டுக் கரைந்துவிடும். ஒரே பிரதிக்குத் தலைமேல் ஏறும். உற்பத்தியாளர் அதைத் தேர்ந்தது கணக்குப் பார்த்துத்தான். ஒற்றைப் பெட்டி செய்பவர் அதே கணக்கைப் போட்டால் விடை அச்சிட்ட காகிதம் என்றே வரும்.

காகிதத்துக்கு அதற்குரிய பக்குவம் வேண்டும். சாதாரணத் தாளில் அச்சிட்ட மார்க்கீயின் பின்னே விளக்கைப் போட்டால் கறுப்பு சாம்பலாக வெளுத்து, தாளின் நார் திட்டுத்திட்டாகத் தெரியும். ஒரே படத்தை இரண்டு தாளில் அச்சிட்டு, கோடு பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரு அக்ரிலிக் தகடுகளுக்கு நடுவே இறுக்கினால் நிறம் அடர்த்தி பெறும். அகலமான படத்தைத் துண்டு துண்டாக அச்சிட்டு இணைப்பதானால், விளிம்பில் வெட்டாமல் படத்திலேயே உள்ள கறுப்புக் கோட்டின் மேல் வெட்டுவது நல்லது. இணைப்பு கண்ணில் படாது. பக்கங்களுக்கு ஸ்டென்சிலே போதும். ஸ்டென்சிலின் வெட்டிய விளிம்பில் முதலில் அடிநிறத்தையே லேசாக அடித்துக் காயவிட்டால் கசியும் பெயின்ட் அடிநிறமாகவே இருக்கும். பிறகு அடிக்கும் நிறம் கூர்மையாக நிற்கும். பொறுமையற்றவர்கள் தவறவிடும் படி இதுதான்.

காகிதம் நீடித்து உழைக்காது என்ற குற்றச்சாட்டு கட்டுப்பாட்டுப் பலகைக்கே அதிகம் பொருந்தும். வியர்வையும் உராய்வும் அங்கேதான். ஆனால் தாளின் மேல் மெல்லிய பாலிகார்பனேட் தகட்டைப் பரப்பினால், பொத்தான்களின் திருகு வளையங்களே இரண்டையும் பிடித்துக்கொள்ளும், பசை தேவையில்லை. வெளுத்தால் தாளை மட்டும் மாற்றலாம். பழைய பெட்டியைக் காக்க விரும்புவோருக்கும் இதில் ஆதாயம் உண்டு: ஒட்டிய வினைல் ஸ்டிக்கரை உரித்தால் அடியிலுள்ள மூலப் பெயின்ட்டும் சேர்ந்து வரக்கூடும், தகட்டுக்கு அடியிலுள்ள தாள் எந்தத் தடயமும் விடாது.

1997இல், பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மேம் என்ற போன்மி மென்பொருள் வெளியான பின் எம்டிஎஃப் என்ற மரநார்ப் பலகையில் பெட்டி கட்டுவோர் பெருகினர். இப்போது டிஜிட்டல் வினைல் அச்சும் பரவலாகக் கிடைக்கிறது.