சட்டத்தின் சொல்லும் பெண்ணின் உடலும்

விலங்கு இரும்பால்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சொல்லாலும் விலங்கு செய்யலாம். பெண்ணின் கருப்பையைச் சுற்றி இந்நாட்டுச் சட்டம் பூட்டிய விலங்கு அத்தகையது. அதன் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

1860-இல் வெள்ளையர் வகுத்த இந்தியத் தண்டனைச் சட்டம், 312-ஆம் பிரிவில், கருவைச் சிதைப்பது குற்றம் என்றது. தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்வதொன்றே விலக்கு. மூன்றாண்டு வரை சிறை. கருவில் அசைவு தோன்றிய பின்னெனில் ஏழாண்டு வரை. சிதைத்தவருக்கு மட்டுமா? தன் கருவைத் தானே சிதைத்துக்கொண்ட பெண்ணுக்கும் அதே தண்டனை!

நூறாண்டு உருண்டோடிற்று. மறைவிடங்களில் கருவைக் கலைக்கப் போய் மாண்ட மங்கையர் பலர். 1964-இல் சாந்திலால் ஷா தலைமையில் குழு அமைந்தது. 1966-இல் அறிக்கை தந்தது. 1971-இல் புதிய சட்டம் பிறந்தது. அதன் பெயரைக் கவனியுங்கள். ஆங்கில வழக்கில் உள்ள 'அபார்ஷன்' என்ற சொல் அதில் இல்லை. 'மருத்துவ முறையில் கருப்பத்தை முடித்தல்' என்றனர். பழைய சொல்லோடு ஒட்டிக் கிடந்த பழி இதில் இல்லை. பருவமடைந்த பெண்ணின் ஒப்புதல் போதும், கணவனின் கையெழுத்து வேண்டாம் என்றும் ஆயிற்று. நன்று! மறுக்கவில்லை.

ஆனால், அவளது உரிமை என்று எழுதினார்களா? இல்லை. 12 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து, அதன்மேல் 20 வாரம் வரை இருவரின் கருத்து, அதுவே திறவுகோல். முடிவு அவளுடையதன்று, அவள் விண்ணப்பிப்பவள்.

இன்னொரு சொல்லையும் காண்போம். கருத்தடைச் சாதனம் பயனற்றுப்போய்க் கருவுற்றால், அந்த வேதனை மனநலத்துக்குப் பெருங்கேடு என்று கொள்ளலாம் என்றது சட்டம். யாருக்கு? 'மணமான பெண்ணோ அவள் கணவனோ' கையாண்ட சாதனத்துக்கு மட்டும்! தாலி கட்டியவள் கண்ணீர் கண்ணீர். கைம்பெண்ணின் கண்ணீர் வெறும் தண்ணீரா?

அந்தச் சொற்களை மாற்ற ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. 2021-இல்தான் 'எந்தப் பெண்ணும் அவள் துணைவரும்' என்று திருத்தினர். 20 முதல் 24 வாரம் வரையுள்ள கருவுக்கும் மணமாகாதவளை விலக்கலாகாது என்று 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இச்சட்டங்களுக்கு நெடுங்காலம் முன்பே, கருத்தடையைப் பற்றிய வாதத்தில், பெரியார் இந்தச் சொற்சிக்கலை உணர்ந்தார். மற்றவர்கள் நாட்டின் வறுமை, தாயின் உடல்நலம், குடும்பச் சொத்து என்று காரணம் கூறினர். அவரோ, பெண்ணின் விடுதலைக்காகவே கருத்தடை வேண்டும் என்றார். செயல் ஒன்றுதான், காரணச் சொல் வேறு. முன்னதில் பெண் கருவி; பின்னதில் பெண் மனிதர்.

2024 சூலை 1-இல் பழைய தண்டனைச் சட்டம் மறைந்து, பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதன் 88-ஆம் பிரிவிலும் அதே குற்றம், அதே தண்டனை! 1971-இன் சட்டம் இன்றும் அக்குற்றத்துக்கு ஒரு விதிவிலக்காகவே நிற்கிறது.

ஆகவே இளைஞர்களே, சட்டம் வந்துவிட்டது என்று களிப்பதோடு நில்லாதீர்கள். அதன் சொற்களைப் படியுங்கள். 'அனுமதி' என்றிருக்கும் இடத்தில் 'உரிமை' என்று எழுதப்படும் நாள்வரை நம் வேலை முடியவில்லை.