ஒரு தன்மை, இரு பெயர்கள்

வேதிப்பிணைப்பில் ஓர் அணு எலக்ட்ரான்களைத் தன்பால் இழுக்கும் ஆற்றலைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எலக்ட்ரான் கவர்தன்மை என்கின்றன. இலங்கை மரபு மின்னெதிர்த்தன்மை என்கிறது. இரு நாட்டு நூல்களையும் புரட்டும் நம் மாணவர், இவற்றுள் எது பிழை என வினவுவதுண்டு. இரண்டும் பிழையல்ல. ஆயின், அவை வெவ்வேறு காலத்துக் கருத்தைச் சுமப்பவை.

மூத்த கருத்து ‘மின்னெதிர்’ என்பதில் உள்ளது. சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சிலியஸ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனிமங்களை மின்னியல்பு கொண்டு வரிசைப்படுத்தினார். சேர்மத்தினுள் மின்னோட்டம் செலுத்தினால் நேர்மின்வாயை நாடும் கூறு எதிர்மின் இயல்பினது எனக் கொண்டார். அவ்வகையில் தலையாயது ஆக்சிஜன், மறுகோடியில் பொட்டாசியம். ஆகவே, ‘எதிர்’ என்பது மின்னூட்டத்தின் குறியையே சுட்டும். மின்னுக்குப் பகை எனப் பொருள்கொள்வார் வழிதவறுவர். எலக்ட்ரானைப் பெர்சிலியஸ் அறியார். தாம்சன் அதனை வெளிப்படுத்தியது 1897இல்தான்.

அவரது கோட்பாடு நெடுநாள் நிற்கவில்லை. அசெட்டிக் அமிலத்தில் ஹைட்ரஜன் இருந்த இடத்தில் குளோரினை அமர்த்திக் காட்டினார் பிரெஞ்சு அறிஞர் டூமா. நேர் நின்ற இடத்தில் எதிர் வந்தமர்ந்தும் அமிலம் அமிலமாகவே இருந்தது. கோட்பாடு சாய்ந்தது, சொல் எஞ்சியது.

அச்சொல்லுக்கு அளவுகோல் தந்தவர் அமெரிக்கரான லைனஸ் பாலிங், ஆண்டு 1932. அவர் வழி எளிது. ஹைட்ரஜன் மூலக்கூற்றின் பிணைப்பை முறிக்க மோலுக்கு ஏறத்தாழ 104 கிலோகலோரி வேண்டும், குளோரினுக்கு 58. இவற்றின் சராசரி 81. ஹைட்ரஜன் குளோரைடு பிணைப்போ 103 கேட்கிறது. மிகையான 22 எங்கிருந்து வந்தது? குளோரின் பிணைப்பு எலக்ட்ரான்களைத் தன்பால் சாய்த்துக்கொள்வதால் வந்தது என்றார் பாலிங். இத்தகைய மிகைகளிலிருந்தே அளவுகோல் பிறந்தது: ஃபுளூரின் 4.0, ஆக்சிஜன் 3.5, குளோரின் 3.0, சோடியம் 0.9, சீசியம் 0.7.

வரிசையில் வலப்புறம் செல்லச் செல்ல அணுக்கருவின் மின்னூட்டம் மிகுகிறது, இழுப்பும் மிகுகிறது. தொகுதியில் கீழிறங்கக் கூடுகள் பெருகி, வெளி எலக்ட்ரான்கள் கருவிலிருந்து விலகுகின்றன, இழுப்புத் தளர்கிறது. பெர்சிலியஸ் தலைமை தந்த ஆக்சிஜன் இரண்டாமிடத்துக்கு இறங்கியது. ஃபுளூரினை மொய்சான் பிரித்தெடுத்ததே 1886இல்தானே!

வகுப்பறைக்குக் ‘கவர்தன்மை’யையே நாம் பரிந்துரைப்போம், செயலை அது நேரே சொல்கிறது. ஓர் எச்சரிக்கை உண்டு. இங்குக் கவரப்படுவது பிணைப்பில் பகிரப்பட்ட எலக்ட்ரான் இணை. தனித்த அணு எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிப்படும் ஆற்றல் வேறு. அதனை எலக்ட்ரான் நாட்டம் என்பர். அதில் குளோரின் ஃபுளூரினை முந்துகிறது.