ஆர்.ஆர்.ஐ.எம். 600 பிறந்த கதை

யோங் பெங்கிலிருந்து லாபிஸ் போகும் சாலையில் இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனைதான். அதற்கு முன் மலேசியாவின் ஜொகூர்த் தோட்டங்களை ஆண்டது ரப்பர்ப் பால்மரம். பழைய மரங்களை அகற்றிய மறுநடவுக் காலத்தில் நாடெங்கும் நட்ட ஒட்டுமரங்களில் முன்வரிசையில் இருந்தது ஆர்.ஆர்.ஐ.எம். 600.

வறட்சி தாங்கும் ரப்பர் என்று இன்று இதற்குப் பெயர். பிறந்தபோது அதை யாரும் கேட்கவில்லை. ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில் வறட்சியை யார் நினைப்பார்? கேட்டதெல்லாம் பால், பால், பால்.

1925-இல் தொடங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம் (ஆர்.ஆர்.ஐ.எம்.) 1930-களின் பிற்பாதியில் தொடங்கிய கலப்புகளில் வந்ததுதான் 600 வரிசை. அதில் 600-இன் தாய், ஜாவாவின் சிர் 1. தந்தை, காஜாங் அருகே பிராங் பெசார் தோட்டத்து பி.பி. 86. கலப்பு என்றால் லேசான வேலையில்லை. மஞ்சள் மணி போன்ற பெண்பூவை மெல்லத் திறந்து, ஆண்பூவின் மகரந்தத் தண்டை உள்ளே வைத்து, பாலில் நனைத்த பஞ்சால் வாயை அடைக்க வேண்டும். நூறு பூவில் ஐந்து காய் பிடித்தாலே பெரிய காரியம். அப்படித் தேறிய ஒரே கன்றின் மொட்டுகளை எடுத்து ஒட்டி ஒட்டித்தான் இத்தனை தோட்டங்களும்.

அதன் இன்னொரு குணம் தெரிந்தது வெளியூரில்தான். நான்கைந்து மாதம் மழையே எட்டிப் பார்க்காத வடகிழக்குத் தாய்லாந்திலும், வெயில் காயும் இந்தியாவின் வடகொங்கணத்திலும் 600 தாக்குப்பிடித்தது. அடைமழைக் கேரளத்திலோ இலை கொட்டித் தவித்தது. மழைக்கால இலையுதிர் நோய்க்கு அது சுலபமான இரை.

வறட்சியில் பால் ஏன் குறைகிறது என்பதற்கு விடை, வெட்டும் நேரத்திலேயே இருக்கிறது. பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன் எழுந்து போவது ஏன்? இரவில் மரம் நீர் குடித்து, பால்குழாய்கள் விம்மி நிற்கும். வெயில் ஏற ஏற அந்த அழுத்தம் இறங்கிப் பால் குறையும். வறண்ட மாதங்களில் நாள் முழுக்க இந்தக் கதைதான். இதைச் சமாளிக்கும் திறன் ஒரு மரபணுவில் இல்லை. இலைத்துளையை நேரத்துக்கு மூடுவது, செல்லில் நீரைப் பிடித்து வைப்பது என்று பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் கைகொடுக்கின்றன. 2013-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு ரப்பரின் மரபுத்தொகுதியை முதன்முதலாக வெளியிட்டபோது எடுத்துக்கொண்டதும் இதே 600-ஐத்தான்.

ஆனால் அந்த மரபுத்தொகுதியில் தோட்டத்து மரத்தின் வேர் இல்லை. ஒட்டுக்கு மேலேதான் 600. கீழே இருப்பது ஏதோ ஒரு விதைக் கன்று. ஈரம் தேடி மண்ணுக்குள் இறங்குவது அது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு 600-க்கும் வேர் வேறுவேறு மரபு. ஆகவே வறட்சியில் ஒன்று வாடி மற்றது பால் கொடுத்தால், 600-ஐ மட்டும் பார்த்துக் காரணம் சொல்லிவிட முடியாது.