கடைசல் சங்கத்தின் கணக்குப்பிள்ளை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு மரக்கிண்ணம் இருக்கிறது. ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் மெலிவு. அடியில் உளி வழுக்கிய தடம் ஒன்றும் உண்டு. வாழைப்பழம் வைக்கப் பயன்படுகிறது. விருந்தினர் யாராவது மரியாதைக்காக "எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டால், என் மகள் "அப்பா செய்தது" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். கூட்டுறவு வங்கியில் முப்பத்தைந்து வருஷம் பேரேடு எழுதிய கை அறுபத்திரண்டாம் வயதில் கடைந்த முதல் கிண்ணம் அது. அதைச் செய்யக் கற்றுக்கொடுத்த சங்கத்தைப் பற்றியும், அப்படிப்பட்ட சங்கங்கள் எப்படித் தோன்றின என்பது பற்றியும் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் ஊர்க் கதை. நான் ஐந்தாம் வகுப்பு படித்தது அம்பாசமுத்திரத்தில். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு கடைசல் பட்டறை இருந்தது. ஒருவர் கயிற்றை மாற்றி மாற்றி இழுக்க, மரக்கட்டை முன்னும் பின்னும் சுழலும். எதிரே குந்தியிருக்கும் பெரியவர் உளியை வைப்பார். சற்று நேரத்தில் ஒரு சொப்புப் பானை உருவாகிவிடும். சுழலும் கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்தினால், சூட்டில் உருகிச் சிவப்பாகவோ பச்சையாகவோ பற்றிக்கொள்ளும். நான் வாசலிலேயே வாய் பிளந்து நிற்பேன். பெரியவர் தலை நிமிராமல், "ஏலே, தள்ளி நில்லுலே!" என்று அதட்டுவார். தொழில் ரகசியம் வெளியே போய்விடும் என்று விரட்டுகிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த எண்ணம் ஐம்பது வருஷம் என் மனதில் அப்படியே இருந்தது.

2017இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஆறு மாதம் பனி. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த என்னைக் கண்டு மருமகனுக்கு என்ன தோன்றியதோ, மறு வருஷம் ஒரு மாலை, "மாமா, மரம் கடையறவங்க சங்கம் ஒண்ணு இருக்கு, வாங்க போய்ப் பார்க்கலாம்" என்று கூட்டிக்கொண்டு போனார். ஒரு பள்ளிக்கூடத்தின் மரவேலைக் கூடம். அறுபது எழுபது பேர், பெரும்பாலும் என்னைப் போல் நரைத்தவர்கள். லேத்துக்குப் பக்கத்தில் போகும் முன்பே ஒருவர் என் முகத்தில் பிளாஸ்டிக் கவசம் ஒன்றை மாட்டி, "சில்லு தெறிக்கும் பாதையில் நிற்காதீர்கள், கண் போய்விடும்" என்றார். சட்டென்று அம்பாசமுத்திரத்துப் பெரியவர் நினைவுக்கு வந்தார். அவரும் ஒருவேளை இதைத்தான் சொன்னாரோ?

ஆனால் ரகசியம் காப்பது இந்தத் தொழிலில் இல்லாததும் அல்ல. லண்டன் நகரத்துக் கடைசல்காரர்களின் கதையைப் படித்தபோது தெரிந்தது. அந்தக் காலத்தில் மது அளக்கும் அளவுப் பாத்திரங்களை மரத்தில் கடைந்தவர்கள் அவர்கள்தான். 1310இல் ஆறு கடைசல்காரர்களை மேயர் முன்னால் நிறுத்தி, சட்டப்படியான அளவுகளைத் தவிர வேறு அளவில் பாத்திரம் செய்ய மாட்டோம் என்று உறுதி வாங்கினார்கள். அளவில் ஏமாற்றுவது எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் உண்டு போலும். பிறகு 1604இல் மன்னர் முதலாம் ஜேம்ஸ் அவர்களது சங்கத்துக்கு அரச பட்டயம் கொடுத்தார். இத்தகைய சங்கத்தைக் கில்டு என்பார்கள். யார் தொழில் செய்யலாம், யார் யாரைப் பயிற்சிக்குச் சேர்க்கலாம், சரக்கின் தரம் என்ன என்பதையெல்லாம் அது தீர்மானிக்கும். லண்டனில் ஒரு தொழிலில் பயிற்சி என்றால் வழக்கமாக ஏழு வருஷம். வெளியாள் வந்து எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டு போக முடியாது. தொழிலைக் காப்பது என்றால் கதவைச் சாத்துவது என்றுதான் அன்று பொருள்.

இதே லேத்து அரண்மனைகளிலும் பொழுதுபோக்காக இருந்திருக்கிறது. ரஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டருக்குக் கடைசல் என்றால் உயிர். தந்தத்திலும் மரத்திலும் தன் கையாலேயே கடைவார். அவருடைய லேத்துகளைச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனின் ஹோல்ட்ஸாப்ஃபெல் குடும்பத்தார் செய்த அலங்காரக் கடைசல் லேத்தை வாங்குவது பணக்காரர்களுக்கு ஒரு கௌரவம். ஆக, பிழைப்புக்குக் கடைபவர், பொழுதுபோக்குக்குக் கடைபவர் என்று இரண்டு வகையினர் பழங்காலம் தொட்டே இருந்தார்கள். இருவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்ததுதான் அரிது.

பிறகு தொழிற்சாலைகள் வந்தன. பீங்கானும் தகரமும் பிளாஸ்டிக்கும் மரத் தட்டையும் கிண்ணத்தையும் வீட்டைவிட்டு வெளியேற்றின. இங்கிலாந்தின் பெர்க்ஷயரில் ஜார்ஜ் லெய்லி என்று ஒருவர் இருந்தார். வளையும் கழியின் விசையில், காலால் மிதித்து ஓட்டும் பழைய லேத்தில் எல்ம் மரக் கிண்ணங்கள் கடைந்தவர். ஒரே கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கிண்ணங்களை எடுப்பார். 1958இல் அவர் காலமானபோது அவருக்குப் பின் அந்தத் தொழிலைச் செய்ய ஆளில்லை. அவரது லேத்து ரெடிங் நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஒரு தொழிலின் கருவி அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டால், தொழில் முடிந்தது என்றுதானே அர்த்தம்?

ஆனால் முடியவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமான பகுதி.

அமெரிக்காவில் பாப் ஸ்டாக்ஸ்டேல் என்பவர், இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மனசாட்சிப்படி மறுத்ததால் முகாமுக்கு அனுப்பப்பட்டவர். அங்கேதான் கிண்ணம் கடையத் தொடங்கினார். பிற்பாடு கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வாழ்நாள் முழுவதும் அதையே செய்தார். யூட்டாவில் டேல் நிஷ் என்ற பேராசிரியர் 1975இல் மரக்கடைசல் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பார்த்துப் பழக ஆளில்லாமல் தனியாகத் தடவிக்கொண்டிருந்தவர்களுக்கு அது வாத்தியார் ஆயிற்று. 1976இல் பென்சில்வேனியாவில் ஆல்பர்ட் லெகாஃப் என்ற இளைஞர், தன் இரட்டைச் சகோதரர் ஆலனுடனும் பாமர் ஷார்ப்லெஸ் என்ற மரவேலை ஆசிரியருடனும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் கடைசல்காரர்களின் கூட்டம் ஒன்றை நடத்தினார். 1981 வரை இப்படிப் பத்துக் கூட்டங்கள் நடந்தன. வீட்டுக் கொட்டகையில் தனித்தனியாகக் கடைந்துகொண்டிருந்தவர்கள், தம்மைப் போல் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பதை அந்தக் கூட்டங்களில்தான் கண்டுகொண்டார்கள்.

1985இல் டென்னசி மாநிலத்துக் காட்லின்பர்க்கில் உள்ள ஆரோமாண்ட் கைவினைப் பள்ளியில் ஒரு மாநாடு நடந்தது. நமக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்ற பேச்சு அங்கே எழுந்தது. மறு வருஷம், 1986இல், அமெரிக்க மரக்கடைசலர் சங்கம் பிறந்தது. முதல் தலைவர் டேவிட் எல்ஸ்வொர்த். சிறு துளை வழியே உளியை நுழைத்து, உள்ளே பார்க்காமலேயே குடைந்து எடுக்கும் மெல்லிய கலங்களுக்குப் பேர்போனவர். 1987இல் இங்கிலாந்திலும் அதுபோல் ஒரு சங்கம் தோன்றியது. ரே கீ என்ற கலைஞர் அதன் முதல் தலைவர். அமெரிக்கச் சங்கத்தின் தலைமையகம் நான் இருக்கும் செயின்ட் பால் நகரத்திலேயே, 1902இல் நீதிமன்றமாகவும் தபால் அலுவலகமாகவும் கட்டிய பழைய கட்டடத்தில் இருக்கிறது. இன்று அதன்கீழ் 350க்கும் மேற்பட்ட உள்ளூர்க் கிளைகள்.

1604இன் சங்கத்துக்கும் 1986இன் சங்கத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பழையது கற்றவர்களின் பிழைப்பைக் காக்கக் கதவைச் சாத்தியது. புதியது கற்க வருபவர்களைத் தேடிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பிழைப்புக்கு ஆகாது என்று ஆன பிறகு, கையிலிருப்பதை வாரிக் கொடுத்தால்தான் கலை பிழைக்கும் என்ற நிலை வந்துவிட்டது.

எங்கள் சங்கத்தில் மாதம் ஒரு கூட்டம். முதலில் நிர்வாக விஷயங்கள். பிறகு ஒருவர் லேத்தில் செய்து காட்டுவார். மேலே ஒரு கேமரா வைத்து உளியின் நுனியைத் திரையில் காட்டுவோம். உறுப்பினர்கள் கொண்டுவந்த பொருள்கள் மேஜையில் இருக்கும். உடைந்த கிண்ணத்தையும் கொண்டுவந்து, ஏன் உடைந்தது என்று சொல்லலாம். உடைந்ததைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. இந்த மாதம் குலுக்கலில் பரிசு பெறுபவர், அடுத்த மாதக் குலுக்கலுக்குத் தன் கையால் கடைந்த ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். சும்மா வாங்கிக்கொண்டு போக முடியாது.

மரத்துக்குப் பஞ்சமில்லை. 2009இல் ஆஷ் மரத்தைக் குடையும் பச்சை வண்டு செயின்ட் பாலில் தென்பட்டது. அதன் பிறகு தெருவோர ஆஷ் மரங்களை வரிசை வரிசையாக வெட்டினார்கள். தன் வீட்டு வாசலில் நின்ற மரத்தின் கட்டையைக் கொண்டுவந்து, "இதில் ஏதாவது செய்து கொடுங்கள்" என்று கேட்டவர்கள் உண்டு. கடும் நோயில் இருக்கும் குழந்தைகள், ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு மணி என்று சேர்த்து வைத்துக்கொள்ளும் திட்டம் இங்கே இருக்கிறது. அந்த மணிகளைப் போட்டு வைக்க மூடியுள்ள மரச் சிமிழ்கள் கடைந்து கொடுக்கிறோம்.

இதெல்லாம் தானாக நடக்காது. யாராவது கூடத்தின் சாவி வாங்கி வரவேண்டும், நாற்காலி போடவேண்டும், காப்பீட்டுத் தாளில் கையெழுத்திட வேண்டும், இரண்டு மாதம் வராதவரை ஃபோனில் அழைத்து உடம்பு எப்படி என்று கேட்க வேண்டும். எங்கள் சங்கத்தின் மிகச் சிறந்த கைகாரர் ஒரு நாளும் பதவிக்கு வந்ததில்லை. தலைவராகப் பல வருஷம் இருந்தவர் நடுத்தரமாகத்தான் கடைவார். ஆனால் யாருடைய லேத்து பழுதாகிக் கிடக்கிறது, யாருடைய மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

2020இல் கொரோனா வந்தது. கூட்டங்கள் கணினித் திரைக்குப் போயின. சிலருக்கு அது பழகவில்லை. சிலர் திரும்பி வரவே இல்லை. 2022இல் மீண்டும் கூடத்தில் கூடியபோது பாதி நாற்காலிகள் காலி. தலைவர் எழுந்து, தனக்கு இருதய அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, இனி முடியாது என்றார். "அடுத்து யார்?" என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தோம். நானும்தான். யாரும் வராவிட்டால் இருக்கும் பணத்தைத் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டுச் சங்கத்தை மூடவேண்டியதுதான் என்று அவர் சொன்னபோது அவர் குரல் சரியாக இல்லை.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ். சேர்ந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. "தலைவர் வேலையை நான் பார்க்கிறேன். ஆனால் கணக்கு வழக்கு எனக்கு வராது" என்றார். அப்போது என் கை தானாக உயர்ந்தது. ஆங்கிலத்தில் நீளமாகப் பேச எனக்கு இன்றும் தயக்கம். ஆனால் வரவு செலவுக்கு மொழி ஏது? அன்று முதல் நான் கணக்குப்பிள்ளை.

சென்ற வருஷம் ஊருக்குப் போனபோது அம்பாசமுத்திரத்தில் ஒரு பட்டறையைத் தேடிப் போனேன். இப்போது மோட்டார் ஓடுகிறது. என் வயதுக்காரர் ஒருவர் மஞ்சள் கடம்பில் சொப்பு கடைந்துகொண்டிருந்தார். இங்கே நாங்கள் இலவசமாகச் சொல்லிக் கொடுக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "சொல்லிக் குடுக்கதுக்கு என்ன சார், தாராளமா சொல்லித் தாரேன். கத்துக்கிட்டு எவன் சோறு திம்பான்? எம் பையனே கோயம்புத்தூர் போயிட்டான்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் சங்கத்தில் கதவு திறந்திருப்பதற்குக் காரணம் எங்கள் தாராள மனசு மட்டுமல்ல. எங்களுக்கெல்லாம் மாதாமாதம் பென்ஷன் வருகிறது. அவருக்கு அன்றன்றைக்கு விற்றால்தான் அடுப்பு எரியும். இதை மறந்துவிட்டுச் சங்கத்தின் பெருமை பேசக்கூடாது என்று தோன்றியது.

அவர் அனுமதியோடு அரக்கு ஏற்றுவதைக் கைபேசியில் படம் பிடித்து வந்து சங்கத்தில் போட்டுக் காட்டினேன். எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒருவர் அந்தச் சொப்புச் செட்டின் விலை கேட்டார். டாலரில் கணக்குப் போட்டுச் சொன்னேன். கூடம் சற்று நேரம் பேச்சற்று இருந்தது.

சென்ற கூட்டத்தில் குலுக்கலில் பரிசு விழுந்தது எனக்கு. எனவே வருகிற மாதம் நான் ஏதாவது கடைந்து கொண்டுபோக வேண்டும். ஆஷ் மரத்தில் ஒரு பம்பரம் செய்துகொண்டிருக்கிறேன். ஆணி நேராக இறங்க மாட்டேன் என்கிறது. பேரன் சாட்டைக்கயிற்றை வைத்துக்கொண்டு பக்கத்தில் காத்திருக்கிறான். அவனைத்தான் அடிக்கடி தள்ளி நிற்கச் சொல்லவேண்டியிருக்கிறது.