டெர்மினலுக்குப் பின்னால் ஒரு பிரிண்டர்

எங்கோ இருக்கும் கணினியிடம் "இதை அச்சிடு" என்று சொன்னால் காகிதம் எந்த ஊரில் வந்து விழும்? இன்று கேட்டால் சிரிப்பு வரும். 1980களில் இது நிஜமான தலைவலி, நண்பர்களே.

ஆரம்பத்தில் இந்தச் சிக்கலே இல்லை. 1963-இல் வந்த டெலிடைப் மாடல் 33-க்குத் திரையே கிடையாது. கணினி சொல்வதெல்லாம் காகிதச் சுருளில் தடதடவென்று அச்சாகும், விநாடிக்கு 10 எழுத்து. டெர்மினலும் அதுவே, பிரிண்டரும் அதுவே. (யுனிக்ஸில் இன்றும் பார்க்கிற 'டிடிஒய்' அந்த டெலிடைப்பின் மிச்சம்தான்.)

பிறகு திரை வந்தது. டெக் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட விடி100-இல் 24 வரிகள். சத்தம் போயிற்று, ஆனால் 25-ஆவது வரி வந்ததும் முதல் வரியும் போயிற்று! கையில் வைத்துக்கொள்ள ஒரு தாள் வேண்டுமென்றால்? பெரிய கணினியின் பிரிண்டர் கணினி அறையில் இருக்கிறது. நீங்களோ மோடம் வழியாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. அடுத்து வந்த விடி102-இன் முதுகில் பிரிண்டருக்கென்றே ஓர் இணைப்பு வைத்தார்கள். கணினி நாலே நாலு குறியீடு அனுப்பும்: எஸ்கேப், [, 5, ஆங்கிலச் சின்ன 'ஐ'. அதைக் கண்டதும் டெர்மினல், வருகிற எழுத்துகளைத் திரையில் காட்டாமல் பிரிண்டருக்குத் தள்ளிவிடும். 5-க்குப் பதில் 4 வைத்து அதே குறியீடு வந்தால் மறுபடி திரை. அனுப்பும் கணினிக்கு அங்கே பிரிண்டர் இருக்கிறதா என்று கூடத் தெரிய வேண்டியதில்லை.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989-இல் உருவாகத் தொடங்கிய 'பைன்' மின்னஞ்சல் மென்பொருள் இதைத்தான் பயன்படுத்தியது. முன்னால் ஒரு குறியீடு, நடுவில் கடிதம், பின்னால் ஒரு குறியீடு. கடிதம் உங்கள் மேசையிலேயே அச்சாகிவிடும்.

ஆனால் அந்தக் கடைசிக் குறியீடு வழியில் தொலைந்துவிட்டால்? திரை செத்ததுபோல் நிற்கும். பதறிப்போய் எதையாவது தட்டினால், அதற்குக் கணினி சொல்லும் பதிலும் தாளில்தான் விழும்! இன்னொரு வில்லங்கமும் உண்டு. கட்டளையும் எழுத்தும் ஒரே கம்பியில் வருவதால், யாராவது ஒரு கோப்புக்குள் அந்த நாலு குறியீட்டை ஒளித்து வைத்தால் போதும். நீங்கள் அதைச் சும்மா திறந்து படித்தாலே உங்கள் பிரிண்டர் ஓடத் தொடங்கும்.

இந்த வசதி இன்னும் சாகவில்லை. விண்டோஸில் பலரும் பயன்படுத்தும் 'பட்டி' (ஆட்டுப்பட்டி அல்ல!) மென்பொருளின் டெர்மினல் அமைப்புகளில் தேடிப் பாருங்கள், இருக்கும். நீங்களாகப் போய் ஒரு பிரிண்டரைத் தேர்ந்தெடுக்கும் வரை அணைத்தே வைத்திருக்கிறார்கள்.