திறன் கண்ணாடியும் அதன் கோளாறுகளும்: ஒரு வரலாறு

திறன் கண்ணாடி என்பது, முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கணினித் திரையை மறைத்து வைத்து, பார்ப்பவரின் முகத்தோடு நேரம், நாள்காட்டி, வானிலை, செய்தி முதலியவற்றையும் ஒளிரும் எழுத்துகளாகக் காட்டும் கருவி. கடைகளிலும் இது கிடைக்கிறது. ஆனால் இதன் வரலாறு பெரும்பாலும் வீட்டில் செய்து பார்த்தவர்களின் வரலாறு. பழைய கணினித் திரை ஒன்று, மரச்சட்டம், கண்ணாடி, உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைப் பலகைக் கணினி ஆகியவை போதும். செய்து முடிப்பது இரண்டு நாள் வேலை. கோளாறு இல்லாமல் ஓட வைப்பதுதான் நீண்ட வேலை. அக்கோளாறுகளில் பல தற்செயலாக வருபவை அல்ல. யாரோ, எப்போதோ, ஒரு காரணத்துக்காக எடுத்த முடிவுகள் அவற்றின் பின்னால் இருக்கின்றன.

காலடிப்பேட்டையில் ஒரு கண்ணாடி

வடசென்னையில் திருவொற்றியூரை ஒட்டியுள்ள காலடிப்பேட்டைக்கு அப்பெயர் வந்தது ஒரு திரிபால். 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் கோலெட், நெசவாளர்களைக் குடியமர்த்துவதற்காக அமைத்த ஊர் கோலெட் பேட்டை. மக்களின் வாயில் அது காலடிப்பேட்டை ஆயிற்று. 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையத்துக்கும் இன்று அதுவே பெயர்.

இக்கட்டுரையாளரின் வீடு அங்கேதான். கைப்பேசியின் சிறிய எழுத்தைப் படிக்க முடியாத அம்மாவுக்காக, கூடத்தில் ஒரு திறன் கண்ணாடி மாட்டப்பட்டது. பெரிய எழுத்தில் நேரம். அதன் கீழே அந்த வேளைக்கு உரிய மாத்திரையின் பெயர். ஒருநாள் மாலை 4.40க்கு மின்சாரம் போய், 6.30க்கு வந்தது. கண்ணாடியும் தானாக உயிர்பெற்றது. ஆனால் அது காட்டிய நேரம் 4.17. ஆறு மணி மாத்திரைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று அம்மா நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். திரை அணைந்து கிடந்திருந்தால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருப்பார். கண்ணாடி நன்றாக வேலை செய்வதுபோல் தெரிந்ததால்தான் ஏமாந்தார்.

அந்த 4.17 எங்கிருந்து வந்தது என்று தேடப் போனதில் கிடைத்தவையே இக்கட்டுரை.

பலகையில் விடுபட்டவை

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிப்போரின் எண்ணிக்கையும், அவர்களுக்கு முன்பே இருந்த நிரலாக்கப் பழக்கமும் குறைந்துவருவதை எபன் அப்டனும் உடன் பணியாற்றியவர்களும் கவனித்தனர். 1981இல் வந்த பிபிசி மைக்ரோ கணினியில் ஒரு தலைமுறையே நிரல் எழுதப் பழகியிருந்தது. அதுபோல, கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்று சிறுவர்கள் நோண்டிப் பார்க்கக்கூடிய மலிவான கணினி வேண்டும் என்ற எண்ணத்தில் 2009இல் ராஸ்பெரி பை அறக்கட்டளை தொடங்கப்பட்டது. முதல் பலகை 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. 2015 நவம்பர் 26 அன்று வந்த ராஸ்பெரி பை சீரோவின் விலை 5 டாலர்தான். அறக்கட்டளையின் தி மேக்பை இதழ், தன் 40ஆவது இதழின் அட்டையில் அதை ஒட்டி இலவசமாகவே கொடுத்தது. 65 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம். விம்கோ நகருக்குப் பெயர் தந்த ஆலையின் தீப்பெட்டியைவிடச் சற்றே நீளம் என்று திருவொற்றியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியும்.

இந்த விலைக்குள் அடக்கப் பலவற்றை விட்டுவிட வேண்டியிருந்தது. வன்தட்டு இல்லை. அணைக்கும் பொத்தான் இல்லை. மேசைக் கணினிகளில் சிறு மின்கலத்தோடு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரமும் இல்லை.

சீரோவில் செயலியும் பழையது. அதில் இருப்பது ஆர்ம் 6ஆம் பதிப்புக் கட்டமைப்பு. திறன் கண்ணாடிக்கு உலகெங்கும் பயன்படும் திறமூல மென்பொருள் மேஜிக் மிரர். நெதர்லாந்தைச் சேர்ந்த மைக்கேல் டீயூ, நியூயார்க்கின் ஒரு பெருங்கடையில் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிர்ந்த விளம்பரப் பலகையைப் பார்த்து, 2014இல் வீட்டில் ஒன்றைச் செய்து அதன் விவரங்களை வெளியிட்டார். 2016இல் அதை முழுவதும் மாற்றி எழுதி இரண்டாம் பதிப்பாகத் தந்தார். அதே ஆண்டு மேக்பையின் 50ஆவது இதழுக்காக வாசகர்கள் வாக்களித்த சிறந்த ஆக்கங்களில் அது முதலிடம் பெற்றது. இரண்டாம் பதிப்பு நோட்.ஜேஎஸ், எலெக்ட்ரான் என்ற இரண்டு மென்பொருள்களின் மேல் நிற்கிறது. எலெக்ட்ரானுக்குள் இருப்பது குரோமியம் உலாவி. 2019இல் வந்த நோட்.ஜேஎஸ் 12ஆம் பதிப்போடு ஆர்ம் 6க்கான முறையான ஆதரவு நின்றது. எலெக்ட்ரானும் அதற்குக் கிடைப்பதில்லை. புதிதாகச் சீரோவை வாங்கி, வழிகாட்டியில் உள்ளபடியே செய்தும் கருந்திரையையே பார்க்கும் மாணவர் தம்மைக் குறைசொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. மேஜிக் மிரரை வழங்கியாக மட்டும் ஓடவிட்டு, அதன் பக்கத்தை வேறொரு எளிய உலாவியில் திறப்பது ஒரு வழி. 2021 அக்டோபரில் வந்த சீரோ 2 டபிள்யூ பலகைக்கு மாறுவது இன்னொன்று. அதன் செயலிக்கு இந்தத் தொல்லை இல்லை.

கண்ணாடியும் மின்சாரமும்

கண்ணாடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1835இல் யூஸ்டஸ் ஃபான் லீபிக் கண்ணாடியின் மேல் வெள்ளி படியவைக்கும் முறையைக் கண்டறிந்தார். அந்தப் பூச்சை மிக மெல்லியதாக்கினால் ஒளியில் ஒரு பகுதி திரும்பும், மறு பகுதி ஊடுருவும். அமெரிக்காவில் எமில் பிளாக் என்பவர் 1903இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். எந்தப் பக்கம் இருளோ அந்தப் பக்கம் மறைந்துவிடும் என்பதே இதன் சூத்திரம். எழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறக் கட்டம் தெரிகிறது என்று புலம்புவோர் பூச்சை மாற்றத் தேவையில்லை. திரையின் பின்விளக்கு கருப்புப் பரப்பின் வழியாகவும் கசிவதுதான் காரணம். பிரகாசத்தைக் குறைத்து, சட்டத்தின் உட்புறம் முழுவதும் கருப்புத் தாள் ஒட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மின்சாரம் சற்றுச் சிக்கலானது. பலகைக்கு வேண்டியது 5 வோல்ட். 2014இல் வந்த பி பிளஸ் முதல், மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையில் மின்னல் குறி காட்டும் சுற்று பலகையிலேயே உண்டு. சீரோ வரிசையில் மட்டும் அது கிடையாது. பெரிய பலகை எச்சரிக்கும் இடத்தில் சீரோ ஒன்றும் சொல்லாது. திடீரென்று உறையும், தானே மறுதொடக்கம் ஆகும், வைஃபை அறுந்து அறுந்து வரும். மெல்லிய, நீளமான கைப்பேசிக் கம்பிதான் பல நேரங்களில் குற்றவாளி. மென்பொருளை அழித்து நிறுவுவதற்கு முன் கம்பியையும் அடாப்டரையும் மாற்றிப் பார்க்க வேண்டும். இதைக் கற்க இக்கட்டுரையாளருக்கு மூன்று வார இறுதிகள் ஆயின.

மின்வெட்டின்போது மைக்ரோ எஸ்டி அட்டையில் ஏதேனும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தால் கோப்புகள் சிதையலாம். அட்டையைப் படிக்க மட்டும் என்று பூட்டி, மாற்றங்களை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் வசதி ராஸ்பெரி பையின் அமைப்பு நிரலிலேயே இருக்கிறது. கண்ணாடிக்கு அதுவே ஏற்றது. கடற்கரையை ஒட்டிய நம் பகுதியில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. செருகிகளைக் கழற்றித் துடைத்து மாட்டினாலே ஓடத் தொடங்கிய பலகைகள் உண்டு.

கட்டங்களாகத் தெரிந்த தமிழ்

மாத்திரையின் பெயரைத் தமிழில் எழுதியபோது முதலில் தெரிந்தவை வெற்றுக் கட்டங்கள். கணினியிடம் எழுத்தின் எண் இருக்கிறது, அதன் வடிவம் இல்லை என்பதே அதற்குப் பொருள். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆயினும் அடுத்த பல ஆண்டுகள் தமிழ் இணையம் வெவ்வேறு 8 பிட் குறியாக்கங்களில்தான் நடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் குறியாக்கங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் பரிந்துரைத்தது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010இல்.

மேஜிக் மிரரோடு வரும் ரோபோட்டோ எழுத்துருவில் தமிழ் இல்லை. அப்போது உலாவி, இயங்குதளத்தில் வேறு தமிழ் எழுத்துரு உண்டா என்று தேடும். சிறிய அட்டைக்காக வெட்டிச் சுருக்கிய இயங்குதளத்தில் அதுவும் இராது. லோகித் தமிழ் அல்லது நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவி மறுதொடக்கம் செய்தால் கட்டங்கள் போய்விடும். வெற்றுக் கட்டங்களுக்கு எழுத்துருத் துறையில் டோஃபு என்று பட்டப்பெயர். டோஃபு இல்லை என்ற பொருளில்தான் நோட்டோ என்ற பெயரே வந்தது. எழுத்து தெரிந்தும், ஒற்றைக்கொம்பு மெய்யின் வலப்பக்கம் போய் நின்றால் அது வேறு கோளாறு: எழுத்துகளை வரிசை மாற்றிக் கோக்கும் பகுதி அந்த உலாவியில் பழையதாக இருக்கிறது. எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் அது தீராது.

வானிலை மட்டும் ஒருநாள் காணாமற்போனால், பெரும்பாலும் வீட்டில் குற்றமில்லை. பலர் நம்பியிருந்த டார்க் ஸ்கை சேவையை ஆப்பிள் 2020இல் வாங்கி, 2023 மார்ச் இறுதியில் அதன் தரவு வாயிலை மூடியது. ஓப்பன்வெதர்மேப்பின் ஒரு பழைய வாயில் 2024இல் மூடப்பட்டது. எழுதி முடித்த நிரல் அப்படியே இருக்க, அது பேசிக்கொண்டிருந்த மறுமுனை இல்லாமற்போகிறது.

கடிகாரம் இல்லாத கடிகாரம்

இனி அந்த 4.17. பலகையில் கடிகாரம் இல்லாததால், அணைந்து எழுந்த பையைத் தன் போக்கில் விட்டால் அது 1970 ஜனவரி 1இலிருந்து தொடங்கும். யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் நேரத்தை அந்த நாளிலிருந்தே எண்ணுகின்றன. அது அசிங்கமாக இருக்கும் என்பதால் ராஸ்பெரி பையின் இயங்குதளத்தில் ஒரு போலிக் கடிகாரம் சேர்க்கப்பட்டது. மணிக்கு ஒருமுறை அப்போதைய நேரத்தை அட்டையில் எழுதிவைத்து, அடுத்த முறை எழும்போது அதிலிருந்து எண்ணத் தொடங்கும் சிறு நிரல் அது. மணிக்கொரு முறை நடக்கும் வேலைகளை டெபியன் வழி இயங்குதளங்கள் ஒவ்வொரு மணியும் 17ஆவது நிமிடத்தில் செய்கின்றன. 4.40க்கு மின்சாரம் போனபோது அட்டையில் கடைசியாக இருந்தது 4.17. இணையம் கிடைத்திருந்தால் சரியான நேரம் உடனே வந்திருக்கும். அன்று வீட்டுக்கு மின்சாரம் வந்தும் இணைய இணைப்பு வரவில்லை.

1970 என்று காட்டியிருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். நம்பத்தகுந்த பொய்யைச் சொன்னதுதான் கேடாயிற்று.

வீட்டுக் கடிகாரம் வெளியிலிருந்து நேரம் வாங்குவது சென்னைக்குப் புதிதன்று. 1786இல் வில்லியம் பெட்ரி எழும்பூரில் தனிப்பட்ட முறையில் வைத்திருந்த வானாய்வகம், கம்பெனியின் கைக்கு வந்து, 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிலைபெற்றது. அங்கே வானியலாளராக இருந்த ஜான் கோல்டிங்ஹாம் 1802இல் சென்னையின் தீர்க்கக்கோட்டைக் கணித்தார். அதன்படி சென்னை நேரம் கிரீனிச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் சொச்சம் முன்னது. வானாய்வகக் கடிகாரத்தோடு இணைந்த பீரங்கி இரவு 8 மணிக்கு முழங்க, ஊர் தன் கடிகாரங்களைத் திருத்திக்கொண்டது. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தனித்தனி நேரங்கள் இருந்த அக்காலத்தில், பின்னர் இந்திய இரயில்வேக்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டது சென்னை நேரத்தையே.

1906 ஜனவரி 1 முதல் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டின் நேரம் இந்தியச் சீர்நேரம் ஆயிற்று. சென்னைக் கடிகாரங்கள் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. கல்கத்தா தன் நேரத்தை 1948 வரை விடவில்லை. கணினிகளின் நேர வலயப் பட்டியலில் இன்று இந்தியா முழுவதற்கும் பெயர் கொல்கத்தா என்பது ஒரு வேடிக்கை. ஆனால் அதே பட்டியலுக்குள் 1870 முதல் 1905 முடிய உள்ள நாட்களுக்குச் சென்னை நேரம், 5 மணி 21 நிமிடம் 10 விநாடி என்று பதிந்து கிடக்கிறது. சீரோவிடம் 1900ஆம் ஆண்டின் ஒரு நாளைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கில்தான் பதில் வரும்.

பிழையின் அளவே அதன் காரணத்தையும் சொல்லிவிடும். கண்ணாடி சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கினால் (இங்கிலாந்தின் கோடையில் நாலரை மணி) கடிகாரத்தில் குறையில்லை. நேர வலயம் இலண்டனிலேயே நிற்கிறது. 1970 என்றால் சேமித்த நேரம் அழிந்திருக்கிறது. முன்னே பின்னே ஒட்டாத சில மணி நேரம் பின்தங்கினால், அது போலிக் கடிகாரம். பல மாதம் அணைத்து வைத்திருந்த கண்ணாடியில் வானிலையும் செய்தியும் வராமல் போவதற்கும் இதுவே காரணமாகலாம். தன் கணக்கில் இன்னும் பிறக்காத பாதுகாப்புச் சான்றிதழைக் கணினி ஏற்காது.

தீர்வு சிறியது. டிஎஸ் 3231 என்ற கடிகாரச் சில்லு பொருத்திய சிறு பலகையைப் பையின் ஊசிகளில் மாட்டி, போலிக் கடிகாரத்தை நீக்கிவிட வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சில பலகைகளில் மின்கலத்தை மின்னேற்றும் சுற்று உண்டு. அவற்றில் மின்னேற்றக்கூடாத சாதாரணப் பொத்தான் மின்கலத்தைப் போட்டால் அது வீங்கக்கூடும் என்பதால், வாங்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டுக் கண்ணாடியில் இன்னொரு மாற்றமும் செய்யப்பட்டது. எழுந்தபின் இணையத்திலிருந்து நேரம் ஒருமுறை உறுதியாகும் வரை அது மணியைக் காட்டாது. "கடிகாரத்தைப் பார்க்கவும்" என்ற ஒரு வரி மட்டும் இருக்கும். அம்மாவுக்குக் கண்ணாடி காட்டும் நேரத்தில் மறுபடி நம்பிக்கை வந்தது அதற்குப் பிறகுதான்.

2023இல் வந்த ராஸ்பெரி பை 5இல் கடிகாரச் சுற்று பலகையிலேயே இடம்பெற்றுவிட்டது. அதற்கான மின்கலத்தை மட்டும் இன்னமும் தனியாகத்தான் வாங்க வேண்டும்.